‘அல்லது’ என்ற ஒரு சொல்: மெர்குரி பரிசின் குடியுரிமை விதி மாறிய கதை

2020 ஏப்ரலில் ரீனா சவயாமா என்ற பாடகியின் முதல் முழு ஆல்பம் லண்டனில் வெளியானது. குடும்பப் பெயரையே ஆல்பத்துக்கும் சூட்டியிருந்தார்: ‘சவயாமா’. ஜப்பானின் நீகாட்டாவில் 1990இல் பிறந்து, பள்ளி சேரும் வயதில் பெற்றோருடன் பிரிட்டனுக்கு வந்தவர் அவர். படித்தது, கேம்பிரிட்ஜில் பட்டம் பெற்றது, பாடத் தொடங்கியது எல்லாம் அந்த மண்ணில்தான். ஆல்பத்தை வெளியிட்ட டர்ட்டி ஹிட் ஒரு லண்டன் நிறுவனம். 2000த்தின் தொடக்க ஆண்டுகளில் வானொலியில் ஒலித்த பாப் மெட்டுகளையும் காதைக் கிழிக்கும் மெட்டல் கிதாரையும் ஒரே பாட்டுக்குள் அடக்கிய அந்த ஆல்பத்தை விமர்சகர்கள் கொண்டாடினார்கள்.

ஜூலையில், பிரிட்டன், அயர்லாந்து கலைஞர்களின் ஆண்டுச் சிறந்த ஆல்பத்துக்குக் கொடுக்கப்படும் மெர்குரி பரிசின் இறுதிப் பட்டியல் வந்தது. பன்னிரண்டு ஆல்பங்கள். அவற்றில் ‘சவயாமா’ இல்லை. நடுவர்கள் கேட்டுப் பார்த்து, இது தேறாது என்று விட்டிருந்தால் பேச ஒன்றும் இல்லை, ரசனை அவரவருக்கு. நடந்தது அதுவல்ல. அந்த ஆல்பம் நடுவர்களின் காதுக்கே போகவில்லை. தனிக் கலைஞர் என்றால் பிரிட்டிஷ் குடியுரிமையோ ஐரிஷ் குடியுரிமையோ இருக்க வேண்டும், அதற்கான ஆவணத்தை அனுப்ப வேண்டும் என்பது விதி. சவயாமாவிடம் இருந்தவை ஜப்பான் பாஸ்போர்ட்டும் பிரிட்டனில் காலவரம்பின்றித் தங்கும் உரிமையும். கால் நூற்றாண்டு வாழ்ந்த ஊரின் பரிசுக்கு அவர் வெளியாள்.

பிரிட்டிஷ் குடியுரிமை வாங்கிக்கொள்ள வேண்டியதுதானே என்று கேட்பது எளிது. ஜப்பான் சட்டப்படி, ஒருவர் தாமாக விரும்பி இன்னொரு நாட்டின் குடியுரிமையைப் பெற்றால் ஜப்பானியக் குடியுரிமை போய்விடும். இரண்டையும் கையில் வைத்திருக்க முடியாது. உறவினர்கள் எல்லாம் ஜப்பானில் இருக்க, ஒரு இசைப் பரிசுக்காக அந்தத் தொப்புள்கொடியை அறுத்துக்கொள்ளச் சொல்வது எந்த வகையில் நியாயம்?

பரிசு பெற்றவர்களின் பட்டியல்கள் எங்கும் கிடைக்கும். ஆண்டின் சிறந்த ஆல்பம் எது என்று வாதாடுவதும் சுவையான வேலைதான். ஆனால் ஒரு நாட்டின் பெயரால் கொடுக்கப்படும் எந்தப் பரிசுக்கும், இசையைக் கேட்பதற்கு முன்னால் ஒரு வாசற்படி இருக்கிறது. அதைத் தாண்டியவர்களின் கதையும் தாண்ட முடியாதவர்களின் கதையும்தான் எனக்கு முக்கியமாகப் படுகின்றன. மெர்குரி பரிசில் அந்த வாசற்படி மாறியதற்கு 2005, 2020 ஆகிய இரண்டு ஆண்டுகளைச் சேர்த்துப் படிக்க வேண்டும்.

பரிசு எப்படிப்பட்டது

மெர்குரி பரிசு 1992இல் தொடங்கியது. இசைத்தட்டு நிறுவனங்களின் சங்கமான பி.பி.ஐ.யும் இசைத்தட்டுக் கடைக்காரர்களின் சங்கமும் சேர்ந்து தொடங்கியது. முதல் புரவலராக வந்த தொலைபேசி நிறுவனத்தின் பெயர் ஒட்டிக்கொண்டது. நிறுவனம் போய்ப் பல காலம் ஆகியும் பெயர் நிற்கிறது. விற்பனையும் பிரபலமும் கோலோச்சிய பிரிட் விருதுகளுக்கு மாற்றாக, ஒரு முழு ஆல்பத்தை ஒரு படைப்பாகக் கேட்டு மதிப்பிடும் பரிசு வேண்டும் என்பது நோக்கம். ராக், பாப், ராப், ஜாஸ், நாட்டுப்புற இசை என்று தனித்தனிப் பிரிவுகள் கிடையாது. எல்லாம் ஒரே களத்தில். நிறுவனங்கள் கட்டணம் செலுத்தி ஆல்பங்களை அனுப்ப, நடுவர் குழு பன்னிரண்டைத் தேர்ந்தெடுத்து, விழா நாளன்று ஒன்றை அறிவிக்கும். ஆல்பத்தில் உள்ள இசையைத் தவிர வேறெதையும் கணக்கில் எடுப்பதில்லை என்பது முதல் நாளிலிருந்து அவர்கள் சொல்லிவரும் உறுதிமொழி.

அந்த உறுதிமொழியைப் பெருமளவு காப்பாற்றியும் இருக்கிறார்கள். 1997இல் ரேடியோஹெட்டின் ‘ஓகே கம்ப்யூட்டர்’ பட்டியலில் இருக்க, பிரிஸ்டல் நகரின் டிரம் அண்ட் பேஸ் குழுவான ரோனி சைஸ்/ரெப்ரசென்ட் வென்றது. 1999இல் தால்வின் சிங் தன் தபலாவோடு வந்து, பிளர், கெமிக்கல் பிரதர்ஸ் போன்ற பெரிய பெயர்களைத் தாண்டி ‘ஓகே’ ஆல்பத்துக்காகப் பரிசை எடுத்துச் சென்றார். தபலா வாசிக்கும் ஒருவர் கையில் பிரிட்டனின் ஆண்டுச் சிறந்த ஆல்பப் பரிசு இருந்த அந்தக் காட்சியை நான் இன்றும் மகிழ்ச்சியோடு நினைத்துக்கொள்கிறேன். ஜாஸ் இசை மட்டும் ஆண்டுதோறும் பட்டியலில் ஓர் இடம் பிடித்து, வெறுங்கையோடு திரும்பிக்கொண்டிருந்தது. 2023இல் எஸ்ரா கலெக்டிவ் வந்துதான் அந்தக் குறை தீர்ந்தது.

முதல் ஆண்டுப் பட்டியலில் ஒரு பெயரை இங்கே நிறுத்திப் பார்க்க வேண்டும்: பெக்கி ம்செலெகு. தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பிறந்த ஜாஸ் பியானோ கலைஞர். நிறவெறி ஆட்சிக் காலத்தில் நாட்டை விட்டு வெளியேறி லண்டனில் வாழ்ந்தவர். ‘செலிப்ரேஷன்’ என்ற அவருடைய முதல் ஆல்பம், யூ2, பிரைமல் ஸ்க்ரீம் ஆகியவற்றோடு 1992 பட்டியலில் இருந்தது. ஊர் விட்டு வந்தவர்களின் இசை அந்தப் பரிசுக்குப் புதிதல்ல. அது பிறந்த ஆண்டிலேயே உள்ளே இருந்தது.

2005: இரண்டு பிறப்புச் சான்றிதழ்கள்

2005 செப்டம்பர் மாத விழாவுக்கு வந்த பன்னிரண்டு ஆல்பங்களைப் பாருங்கள். ஒரு முனையில் கோல்ட்பிளே. அந்த ஆண்டு உலகம் முழுவதும் அதிகம் விற்ற ஆல்பத்தின் சொந்தக்காரர்கள். மறுமுனையில் டெவன் பகுதியைச் சேர்ந்த நாட்டுப்புறப் பாடகர் செத் லேக்மன். சமையலறையில் உட்கார்ந்து 300 பவுண்டு செலவில் ஆல்பத்தைப் பதிவு செய்தவர். இடையில் கைசர் சீஃப்ஸ், பிளாக் பார்ட்டி, போலார் பேர் என்ற ஜாஸ் குழு, இன்னும் பலர்.

அவர்களோடு, ‘அருளர்’ என்ற ஆல்பத்துடன் மாதங்கி அருள்பிரகாசம். உலகம் எம்.ஐ.ஏ. என்று அறிந்த நம் மாயா.

பரிசு அவருக்குக் கிடைக்கவில்லை. ஆண்டனி அண்ட் த ஜான்சன்ஸ் குழுவின் ‘ஐ ஆம் எ பேர்ட் நவ்’ வென்றது. அந்தக் குழுவின் பாடகர், இன்று அனோனி என்ற பெயரில் வாழ்பவர், மேடையேறி 20,000 பவுண்டுப் பரிசைப் பெற்றுக்கொண்டபோது திகைத்துப் போயிருந்தார். ஓர் ஆரஞ்சுப் பழத்தையும் விண்கலத்தையும் பூந்தொட்டியையும் கரண்டியையும் வரிசையாக நிறுத்தி, இதில் எது பிடிக்கும் என்று கேட்பதைப் போன்ற போட்டி இது என்று அங்கேயே சொன்னார். பன்னிரண்டு விதமான இசையை ஒரே தராசில் வைப்பதன் சிக்கலை இதைவிட நன்றாக யாரும் சொன்னதாக நான் அறியேன்.

மறுநாள் எழுந்த பேச்சு இசையைப் பற்றியதாக இல்லை. இவர் அமெரிக்கர் அல்லவா என்பதே பேச்சு. அனோனி 1971இல் இங்கிலாந்தின் சிசெஸ்டரில் பிறந்தவர். சிறு வயதிலேயே குடும்பத்தோடு ஆம்ஸ்டர்டாம், பிறகு கலிஃபோர்னியா. இசை வாழ்க்கை முழுவதும் நியூயார்க்கில். கூட வாசித்தவர்களில் பெரும்பாலோர் அமெரிக்கர்கள். ஏட்டில் இருக்கும் ஒரு நுணுக்கத்தைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டார் என்று கைசர் சீஃப்ஸ் குழுவிலிருந்து வெளிப்படையாகவே மனத்தாங்கல் வந்தது. பிறப்பால் பிரிட்டிஷ் குடிமகன், ஆகவே தகுதி உண்டு என்பது அமைப்பாளர்களின் நிலை. பரிசின் வேலையைப் பரிசு செய்தது: விற்பனைப் பட்டியலில் 135ஆம் இடத்தில் கிடந்த ஆல்பம் 16ஆம் இடத்துக்குத் தாவியது.

அந்தக் கூச்சலில் எம்.ஐ.ஏ.வின் பிறப்பைப் பற்றி யாரும் பேசவில்லை. நாம் பேசலாம். 1975 ஜூலையில் லண்டனின் ஹவுன்ஸ்லோ பகுதியில் பிறந்தார். ஆறு மாதக் குழந்தையாக இருக்கும்போதே குடும்பம் யாழ்ப்பாணம் திரும்பிவிட்டது. தந்தை ஈரோஸ் இயக்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். ‘அருளர்’ அவருடைய இயக்கப் பெயர். போர் முற்றியபோது தாயும் பிள்ளைகளும் சென்னையில் சில காலம் இருந்தார்கள், மீண்டும் யாழ்ப்பாணம், கடைசியில் 1986 வாக்கில், பதினோரு வயதை ஒட்டி, அகதிக் குடும்பமாக லண்டன். தென் லண்டனின் மிச்சம் பகுதியில் அரசுக் குடியிருப்பு. தாய் தையல் வேலை செய்து பிள்ளைகளை வளர்த்தார்.

‘அருளர்’ ஆல்பத்தை ஓடவிட்டால் முதலில் பாட்டு வராது. அரை நிமிடத்துக்கு ஒரு வகுப்பறைக் குரல். ‘பனானா’ என்ற சொல்லை அசை அசையாகப் பிரித்து, திரும்பச் சொல்லச் சொல்லும். அவ்வளவுதான் அந்தத் தடம். ஆங்கிலம் பெரிதாகத் தெரியாமல் லண்டன் பள்ளிக்கூடத்தில் போய் உட்கார்ந்த எந்தப் பிள்ளையும் அந்த அரை நிமிடத்தை மறக்காது. பிறகு தாளம் வெடிக்கிறது. ரோலண்ட் எம்.சி.-505 என்ற சிறிய தாளக் கருவியை வைத்து வீட்டறையில் தொடங்கிய இசை அது. அதிலிருந்து எழும் மொத்தையான, அழுக்கான, துள்ளும் ஓசைக்கு மேல் ஒரு பெண்குரல் சண்டைக்கு நிற்கிறது. இது ஈழத்துப் பாட்டா, லண்டன் பாட்டா? இரண்டும்தான். இந்த இரண்டும் சேராமல் இப்படியொரு ஆல்பம் பிறந்திருக்காது.

இனி விதியை எடுத்துக்கொள்வோம். அனோனியும் எம்.ஐ.ஏ.வும் பட்டியலில் நின்றதற்கு அடிப்படை ஒன்றுதான்: இருவரும் பிரிட்டன் மண்ணில் பிறந்தவர்கள், அதுவும் 1983க்கு முன்னால். 1981ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் 1983 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அதுவரை, தூதரக அதிகாரிகளின் பிள்ளைகள் போன்ற சில விலக்குகள் நீங்கலாக, அங்கே பிறந்தாலே குடியுரிமை. அதன் பிறகு, பெற்றோரில் ஒருவராவது குடியுரிமையோ நிரந்தரமாகத் தங்கும் உரிமையோ பெற்றிருந்தால்தான் பிறக்கும் பிள்ளைக்குக் குடியுரிமை.

ஆகவே அந்த ஆண்டின் பட்டியலில் ஒருவர் பிரிட்டனில் பிறந்து வெளியே வளர்ந்தவர். இன்னொருவர் பிரிட்டனில் பிறந்து, ஆறே மாதத்தில் போய், அகதியாகத் திரும்பியவர். அந்தக் குடும்பம் ஓராண்டு முன்னதாக யாழ்ப்பாணம் திரும்பியிருந்தால், அதே குரல், அதே பாட்டு, அதே மிச்சம் குடியிருப்பு, எல்லாம் அப்படியே இருக்க, ஆல்பத்தை நடுவர்களுக்கு அனுப்புவதற்கு முன்னால் குடியுரிமை விண்ணப்பம், கட்டணம், தேர்வு, காத்திருப்பு என்று ஒரு நீண்ட வரிசையில் நின்றிருக்க வேண்டும். புலம்பெயர்ந்த தமிழ்க் குடும்பங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஒரே வீட்டில் மூத்த பிள்ளையிடம் பாஸ்போர்ட், தாயிடம் தங்கும் உரிமைக் கடிதம், மாமனுக்கு இன்னும் மேல்முறையீடு. மூவரும் ஒரே மேசையில் சாப்பிடுகிறார்கள். ஒரே பாட்டைக் கேட்கிறார்கள்.

2005இல் அமைப்பாளர்களுக்குக் கிடைத்த பாடம் அப்பட்டமாக முன்னால் இருந்தது. பாஸ்போர்ட் ஒருவருடைய இசை எங்கே விளைந்தது என்பதைச் சொல்வதில்லை. அனோனியின் விஷயத்தில் அது தாராளமாக நடந்துகொண்டது. இன்னொருவர் விஷயத்தில் அதுவே கஞ்சத்தனமாக நடந்துகொள்ளும் என்பதை ஊகிக்கப் பெரிய ஞானம் தேவையில்லை. என்றாலும் விதி அப்படியே கிடந்தது. பதினைந்து ஆண்டுகள்.

குழுவுக்கு ஒரு கணக்கு, தனியாளுக்கு ஒரு கணக்கு

சவயாமா 2020 ஜூலையில் ஓர் இதழுக்கு அளித்த பேட்டியில் இந்த விதியை வெளியே கொண்டுவந்தபோது, பலருக்கும் அதிர்ச்சி தந்தது குடியுரிமை விதி மட்டுமல்ல. பக்கத்திலேயே இருந்த இன்னொரு விதியும்தான். இசைக்குழுவாக இருந்தால், உறுப்பினர்களில் 30 சதவீதம் பேர் பிரிட்டிஷ் அல்லது ஐரிஷ் குடிமக்களாக இருந்தால் போதும், பாதிக்கு மேற்பட்டோர் பிரிட்டனில் வசிக்க வேண்டும்.

இதைச் சற்று நின்று யோசித்துப் பார்க்க வேண்டும். நால்வர் கொண்ட குழுவில் இருவரிடம் பிரிட்டிஷ் பாஸ்போர்ட் இருக்கிறது, மற்ற இருவரிடம் இல்லை, எல்லோரும் லண்டனில் வாழ்கிறார்கள் என்றால் குழு தகுதி பெறும். பாஸ்போர்ட் இல்லாத அந்த இருவரில் ஒருவர் மறு ஆண்டு தனியாக ஆல்பம் வெளியிட்டால் தகுதி இல்லை. வசிப்பதும் ஒரு பிணைப்புதான் என்பதைக் குழுவுக்கான விதி ஒப்புக்கொண்டுவிட்டது. அதே பிணைப்பைத் தனியாளுக்கு மறுத்தது. ஒரே தாளில், அடுத்தடுத்த இரண்டு வரிகளில் இரண்டு நீதி. இதுதான் இந்த நிகழ்வின் மையமான பிழை என்று நான் நினைக்கிறேன். கெட்ட எண்ணத்தால் வந்த பிழையாக எனக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு வரியையும் ஒவ்வொரு சமயத்தின் தேவைக்கு எழுதிவிட்டு, எல்லாவற்றையும் சேர்த்து வைத்து யாரும் படித்துப் பார்க்காததால் வந்தது.

கூட்டு முயற்சிகளில் இந்தத் தாராளம் இன்னும் தெளிவாகத் தெரியும். 2008இல் பிரிட்டிஷ் பாடகர் ராபர்ட் பிளான்ட்டும் அமெரிக்கப் பாடகி அலிசன் கிராஸும் சேர்ந்து பாடிய ‘ரெய்சிங் சாண்ட்’ பட்டியலில் இருந்தது. அமெரிக்கத் தயாரிப்பாளரின் மேற்பார்வையில், அமெரிக்க மண்ணின் நாட்டுப்புற மெட்டுகளைச் சுமந்து உருவான ஆல்பம் அது. அருமையான ஆல்பம்; அது பட்டியலில் இருந்ததில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் அதற்குத் திறந்த கதவு, லண்டனில் வளர்ந்து லண்டனில் பாடியவருக்கு ஏன் திறக்கவில்லை என்ற கேள்வி எழாமல் இருக்காது.

வாசற்படியே வேண்டாம் என்று சிலர் சொல்வார்கள். அதை நான் ஏற்கவில்லை. எல்லை இல்லாத ஆல்பப் பரிசு என்றால் உலகின் மிகப் பெரிய நிறுவனங்களின் மிகப் பெரிய விளம்பரத் தொகை எங்கே இருக்கிறதோ அங்கேதான் போய் நிற்கும். சமையலறையில் 300 பவுண்டுக்குப் பதிவான ஆல்பம் கோல்ட்பிளேயின் பக்கத்தில் நிற்க முடிந்ததே ஒரு வேலி இருந்ததால்தான். வேறு சிலர், இசையின் ஓசையே பிரிட்டிஷ்தனமாக இருக்கிறதா என்று நடுவர்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்பார்கள். அது இன்னும் ஆபத்து. அந்த அளவுகோலை யாராவது 1999இல் கையில் எடுத்திருந்தால் தால்வின் சிங்கின் தபலா வாசலிலேயே நின்றிருக்கும்.

வேலி வேண்டும். அதை எந்த இடத்தில் நடுவது என்பதுதான் கேள்வி. கைசர் சீஃப்ஸ் தரப்பின் மனத்தாங்கலை உரித்துப் பார்த்தால் உள்ளே ஒரு நியாயம் கிடைக்கும்: பிறந்த இடம் போதாது, வாழ்ந்த இடம்தான் கணக்கு. அதை அப்படியே விதியாக்கினால் அனோனி வெளியே, சவயாமா உள்ளே. பாஸ்போர்ட்தான் கணக்கு என்றால் அனோனி உள்ளே, சவயாமா வெளியே. இரண்டு நிபந்தனைகளையும் ஒருவரே நிறைவேற்ற வேண்டும் என்றால் இருவருமே வெளியே. ஒன்று போதும் என்றால் இருவருமே உள்ளே. ‘மற்றும்’ போடுவதா, ‘அல்லது’ போடுவதா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

2021: விதி மாறுகிறது

பேட்டி வெளியானதும் ‘சவயாமா பிரிட்டிஷ்காரர்தான்’ என்ற முழக்கம் சமூக ஊடகங்களில் பரவியது. எல்டன் ஜான் வெளிப்படையாக ஆதரவு தெரிவித்தார். மெர்குரியையும் பிரிட் விருதுகளையும் நடத்துவது ஒரே பி.பி.ஐ. என்பதால், இரண்டு வாசலிலும் சவயாமாவுக்கு ஒரே பதில் கிடைத்திருந்தது. அவர் அமைப்பின் தலைமையோடு நேரில் பேசினார். வழக்குப் போடவில்லை, புறக்கணிக்கச் சொல்லவில்லை. விதியைப் படித்துக் காட்டினார். அதுவே போதுமானதாக இருந்தது.

2021 பிப்ரவரியில் புதிய விதி வந்தது. பிரிட்டனில் பிறந்திருக்க வேண்டும், அல்லது பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வைத்திருக்க வேண்டும் (அது இரண்டாவது பாஸ்போர்ட்டாக இருந்தாலும் சரி), அல்லது ஐந்து ஆண்டுகளுக்கு மேல் நிரந்தரமாக வசித்திருக்க வேண்டும். மூன்றில் ஒன்று போதும். அந்த ஆண்டே பிரிட் விருதுகளின் வளரும் நட்சத்திரப் பிரிவில் சவயாமா பெயர் வந்தது. ‘சவயாமா’ ஆல்பத்துக்கு மட்டும் காலம் கடந்துவிட்டது. ஒரு ஆல்பத்துக்கு ஒரே ஆண்டுதான் வாய்ப்பு. விதியை மாற்றிய ஆல்பம் அந்த விதியால் பயன்பெறவில்லை.

கனடாவின் போலாரிஸ் இசைப் பரிசு இந்த விஷயத்தில் முன்பே ஒரு படி தெளிவாக இருந்தது. மெர்குரியை முன்மாதிரியாகக் கொண்டு 2006இல் தொடங்கிய அந்தப் பரிசு, குடியுரிமை அல்லது நிரந்தர வசிப்புரிமை என்று வகுத்துக்கொண்டது. கொலம்பியாவில் பிறந்து டொரன்டோவில் வாழும் லிடோ பிமியென்டா 2017இல் ஸ்பானிய மொழியில் பாடிய ‘லா பாபெசா’ ஆல்பத்துக்காக 50,000 கனடிய டாலர் பரிசை வென்றார். ஆனால் அதே கனடாவில் அந்த விதி எதிர்ப்பக்கமாகவும் வெட்டியது. 2015இல் வென்ற பாடகி பஃபி செயின்ட்-மேரி, தம்மிடம் இருப்பது அமெரிக்கக் குடியுரிமைதான் என்று தெளிவுபடுத்திய பிறகு, 2025 மார்ச்சில் போலாரிஸ் அந்தப் பரிசைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. அவருடைய பூர்வகுடி வம்சாவளியைப் பற்றி எழுந்த கேள்விகள் அந்த நாட்டில் பலரைப் புண்படுத்தியவை; பரிசு திரும்பப் பெறப்பட்டதன் பின்னணியில் அந்தக் காயமும் உண்டு. விதிப்படி முடிவு சரி. ஆனாலும், 2015இல் நடுவர்கள் கேட்ட பாட்டில் ஒரு சுரமும் மாறவில்லை. வாசலில் கேட்க வேண்டிய ஆவணத்தைப் பத்து ஆண்டு கழித்துக் கேட்டதன் விலை அது. தகுதி ஆவணத்தை அறிவிப்புக்கு முன்பே வாங்கிப் பார்ப்பது கலைஞருக்கும் பரிசுக்கும் நல்லது.

அயர்லாந்தின் நிலை இன்னொரு விதம். தொடக்கத்திலிருந்தே ஐரிஷ் கலைஞர்கள் மெர்குரிக்குத் தகுதியானவர்கள். யூ2 முதல் லான்கம் வரை பலர் பட்டியலில் வந்திருக்கிறார்கள். 2025 வரை ஐரிஷ் குடியரசைச் சேர்ந்த யாரும் வென்றதில்லை. வாசல் திறந்திருந்தும் கூடத்தில் இடம் கிடைக்காமல் போகலாம் என்பதற்கு அது சான்று. ஐரிஷ்காரர்கள் 2005இல் சாய்ஸ் மியூசிக் பிரைஸ் என்று தங்களுக்கே ஓர் ஆல்பப் பரிசை ஏற்படுத்திக்கொண்டார்கள்.

இன்னும் மிச்சமிருப்பது

புதிய விதியிலும் ஒரு சொல் என்னை உறுத்துகிறது: ‘நிரந்தரமாக’. குடியேற்றச் சட்டத்தில் நிரந்தரம் என்பதற்குத் தனிப் பொருள் உண்டு. விசா நீட்டிப்புக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருப்பவர், சிறு வயதில் பெற்றோரோடு வந்து காகிதம் சரியாகாமல் வளர்ந்தவர், புகலிட வழக்கு முடியாதவர், இவர்கள் எல்லாம் ஐந்தல்ல, பதினைந்து ஆண்டு வாழ்ந்திருந்தாலும் அந்தச் சொல்லுக்கு முன்னால் தயங்கி நிற்க வேண்டியிருக்கும். குடியுரிமை விண்ணப்பத்துக்கே ஆயிரம் பவுண்டுக்கு மேல் கட்டணம். வாடகை அறையில் உட்கார்ந்து முதல் ஆல்பத்தைச் செய்யும் ஒருவருக்கு அது ஒரு சின்னத் தொகை அல்ல. பள்ளிச் சான்றிதழோ, வீட்டு வாடகை ஒப்பந்தமோ, இத்தனை ஆண்டு இங்கே பாடியிருக்கிறார் என்பதற்கான நிகழ்ச்சி விவரமோ போதும் என்று விதியிலேயே எழுதிவிட்டால் இந்தத் தயக்கம் போய்விடும். இசைப் பரிசு குடியேற்றத் துறையின் வேலையைச் செய்யத் தேவையில்லை.

விதி மாறிய அதே 2021இன் மெர்குரி பட்டியலில் பெர்வின் என்ற இளைஞரின் ‘டெமோடேப்/வேகா’ இருந்தது. டிரினிடாடில் பிறந்து, ஒன்பது வயதில் கிழக்கு லண்டனை ஒட்டிய ரோம்ஃபோர்டுக்கு வந்தவர். தங்கும் உரிமை உறுதியாகாமல் வளர்ந்து, எந்த நேரமும் நாட்டை விட்டுப் போக வேண்டிவரலாம் என்ற நிலையில், கடைசி முயற்சியாக இரண்டு வாரத்தில் பதிவு செய்த பாட்டுகள்தான் அந்தத் தொகுப்பின் அடித்தளம். பியானோவின் மேல் பாதி பேசியும் பாதி பாடியும் போகும் அந்தக் குரலில் அவசரம் அப்படியே பதிந்திருக்கிறது.

2024இல் ‘ஹூ ஆம் ஐ’ ஆல்பத்துடன் பெர்வின் மறுபடியும் பட்டியலுக்கு வந்தார். அதில் ‘டியர் இமிகிரேஷன்’ என்றொரு பாட்டு. குடியேற்றத் துறையை முன்னால் உட்கார வைத்துப் பேசுகிற பாட்டு. அந்த ஆண்டு லீட்ஸ் நகரின் இங்கிலிஷ் டீச்சர் குழு வென்றது. நடுவர்கள் பெர்வினின் ஆல்பத்தை முழுவதும் கேட்டுவிட்டு, வேறொன்றைத் தேர்ந்தெடுத்தார்கள்.